மூன்று துண்டான ஹொக்கித் தடி

அப்பா உறைந்த மீனால் ஒருவனை அடித்து வீழ்த்தியது ஒரு வியாழக்கிழமை. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சனிக்கிழமை என்றுதான் சொல்வார்கள்; வீட்டில் மீன் வாங்குவது சனிக்கிழமைகளில் என்பதால் அப்படியொரு நினைப்பு. என் குறிப்பேட்டில் வியாழன் என்று இருக்கிறது. அன்று பாடசாலையில் பிரெஞ்சுச் சொல்வதெழுதல், நான் பதினொரு பிழை விட்டேன், வீட்டுக்கு வரும் வழியில்தான் அது நடந்தது. சனிக்கிழமை பாடசாலை ஏது?

எனக்குப் பதின்மூன்று வயது. மொன்றியலில் நாங்கள் இருந்த கோட்-தெ-நேஜில், பஸ் தரிப்பிடத்தில் என்னைவிட மூத்த மூன்று பையன்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். முதலில் தொப்பியைப் பறித்தார்கள். பிறகு அவர்களில் நெட்டையாக இருந்தவன் என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தரிப்பிடத்தின் கண்ணாடியில் மோதினான். நான்காவது மோதலில் மூக்கு உடைந்தது. கண்ணாடியில் என் இரத்தம் வழிந்து அப்படியே உறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எதிர்ப்பக்க மீன்கடையிலிருந்து அப்பா வெளியே வந்தார். கையில் ஒரு முழு அறக்குளா, கல்லாய் உறைந்தது, வால் பையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. வீதியைக் கடந்து வந்து, வாலை இரண்டு கையாலும் பிடித்து, ஒருமுறை சுழற்றினார். நெட்டையனின் தாடையில் காய்ந்த மரம் முறிவதுபோல ஒரு சத்தம். இரண்டாவது வீச்சு மற்றவனின் முழங்காலில். மூன்றாமவன் ஓடிவிட்டான். நெட்டையன் நடைபாதையில் குந்தியிருந்து, வாயிலிருந்து விழுந்தவற்றைக் கையுறையில் ஏந்திக்கொண்டிருந்தான்.

அப்பா என் கையைப் பிடித்தார். "ஓடாதை. ஓடினால் களவெடுத்தது எண்டு நினைப்பாங்கள். நட."

நடந்தோம். மீனைக் கழுவும்போது, இது மீனின் இரத்தம் இல்லையே என்று அம்மா கேட்டார். கொஞ்சம் அவனுடையது, கொஞ்சம் இவனுடையது என்று அப்பா என்னைக் காட்டினார். பின்னேரம் அதைப் பொரித்துத் தின்றோம். அதன்பிறகு அந்தத் தெருவில் யாரும் என்னைத் தொடவில்லை.

எங்கள் குடும்பத்தில் அதிகம் சொல்லப்பட்ட கதை இதுதான். எனக்கும் மிகப் பிடித்த கதை. குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தின் கடைசி வரி: "அண்ணை மீன் சாப்பிடவில்லை." காரணத்தை நான் எழுதி வைக்கவில்லை.

மருந்துக் களஞ்சியம் ஒன்றில் பெட்டிகளின் காலாவதித் திகதியைச் சரிபார்ப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் பழைய வரலாற்று நூல்கள் வாசிப்பேன், பிறகு அன்றைய நாளை எழுதி வைப்பேன். மொன்றியலுக்கு வந்த முதல் கிழமையிலிருந்து இந்தப் பழக்கம். யாருக்குப் பல் முளைத்தது, யார் எப்போது வீடு மாறினார்கள் என்று தெரியவேண்டுமென்றால் எனக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள்.

அப்பாவைப் பற்றித்தான் அந்தக் குறிப்பேடுகளில் அதிகம் இருக்கிறது. அவர் பெரிய குழப்படிக்காரர். அக்காவின் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் காருக்குள் உயிருள்ள சிங்கிறால் இரண்டை விட்டவர். எண்பது வயதில், பேரப்பிள்ளைகளின் தண்ணீர்த் துவக்கால் ஐயரின் முதுகில் சுட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளித்தவர். செத்தவர்போல விழுந்து கிடப்பது அவருடைய பிரதான வித்தை. சோபாவில், படிக்கட்டில், ஒருமுறை பல்பொருள் அங்காடியின் தக்காளிக் குவியலுக்குப் பக்கத்தில். கண்ணைச் செருகி, நாக்கை ஒரு பக்கம் தொங்கவிட்டு, யாராவது அழத் தொடங்கும் வரை அசையமாட்டார். அழுதால்தான் எழும்புவார்.

அவருடைய பகிடிகளில் எங்கோ ஓர் அடி இருக்கும். ஊரில் இராணுவ முகாமில் இரண்டு நாள் வைத்து அவருடைய உள்ளங்கால்களில் அடித்தார்கள். அதை அவர் இப்படித்தான் சொல்வார்: "எனக்குக் காலாணி இருந்தது. டொக்டராலை மாத்தேலாமல் போச்சு. அவங்கள் மாத்திப்போட்டாங்கள்." சபை சிரிக்கும். குளிர்காலம் முழுவதும் அவர் கட்டிலின் விளிம்பில் இருந்து மடியாத இரண்டு கால்விரல்களைத் தேய்ப்பதை நாங்கள் மட்டுமே கண்டிருக்கிறோம். இங்கே வந்து கோப்பை கழுவிய உணவகத்தில் ஒரு சமையற்காரன் சூடான தாச்சியை அவருடைய கைமேல் வைத்திருக்கிறான். அப்பா அவனுடைய கழுத்தைப் பிடித்துக் கழுவுதொட்டிக்குள் அமிழ்த்தி, இருபது வரை எண்ணிவிட்டு விட்டாராம். இருபது என்பது முதல் தடவை சொன்னபோது. பிறகு முப்பது, நாற்பத்தைந்து. கடைசியாகச் சொன்னபோது எண்பது. அந்த எண்ணிக்கையில் ஆள் செத்திருப்பான் என்று நான் சொன்னேன். அதனால்தான் எண்பத்தொன்றில் விட்டேன் என்றார்.

அவர் இறந்தது பங்குனி மாதம், பிறகு நாங்கள் மாறிப்போன ரொக்ஸ்பரோ வீட்டு முற்றத்தில், காலை பத்து மணி போல. கடைசிப் பனி என்று நாங்கள் நினைத்த பனியை அள்ளிக்கொண்டிருந்தவர், தபால்காரரின் முதுகில் ஒரு பனிக்கட்டியை எறிந்தார். தபால்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அப்பா மண்வெட்டியை விட்டுவிட்டு மெதுவாகச் சரிந்தார். அம்மாவும் அக்காவும் முன்யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொடங்கிவிட்டார் என்று அம்மா சொன்னாராம். பிள்ளைகளுக்குக் காட்டவென்று அக்கா கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். அந்தப் படம் மூன்று நிமிடமும் நாற்பது விநாடியும் ஓடுகிறது. அதில் அப்பா அசைவதில்லை. யன்னலுக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. கடைசி விநாடிகளில் ஒருவரின் சிரிப்பு நிற்கிறது. மற்றவருடையது நிற்கவில்லை. நிற்காத சிரிப்பு அம்மாவுடையது.

தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இளையவனான நான் வைத்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த அண்ணைக்குத் தொலைபேசியில் அறிவித்தபோது, சரி என்ற ஒரு சொல்லோடு வைத்துவிட்டார். அப்பாவின் வீட்டுக்கு அவர் வந்து இருபது வருடத்துக்கு ஒரு மாதம் குறைவு.

இனி முப்பத்தோராம் நாள். யாழ்ப்பாணத்தவர்கள் அன்றைக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறிய புத்தகம் அச்சடிப்போம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே பக்திப் பாடல்கள், அவருடைய வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. வரலாற்றை எழுதியவரே அதைச் சபையில் நின்று வாசிப்பது எங்கள் குடும்பத்துப் பழக்கம். திகதி பிழைக்காமல் எழுதக்கூடியவன் என்று அந்த வேலை என்னிடம் வந்தது. அப்பாவின் தம்பியான சித்தப்பா ரொக்ஸ்பரோ வீட்டு பேஸ்மென்டில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, என்னென்ன வரவேண்டும் என்று எனக்குச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கதைகளை எடுத்துக்கொடுத்தார்கள். மீன், சிங்கிறால், ஐயரின் முதுகு. பிறகு அக்கா, அப்பா ஹொக்கி விளையாடின கதையை விட்டுவிடாதே என்றார்.

அந்தக் கதை இப்படி. நாங்கள் வந்த மூன்றாம் குளிர்காலம். அப்பா சாரத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு, அண்ணையின் ஹொக்கித் தடியை வாங்கி, பின் ஒழுங்கையில் பந்தடிக்கப் போய், ஐஸில் சறுக்கி மல்லாந்து விழுந்தார். தடி முறிந்தது. அதைப் பார்த்துச் சிரித்த அண்ணையும் சறுக்கி விழ, அவருடைய காதில் அடிபட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் குளிர்காலம் அக்கா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். அவர் தெரிந்து பொய் சொல்லவில்லை. பலர் பல வருடங்களாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை அது. அதன் முதல் வரி என்னுடையது. பேஸ்மென்டில் நானும் சேர்ந்து சிரித்தேன் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

மற்றவர்கள் போனபிறகு அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். யன்னல் பக்கம் பார்க்காமல் முதுகைத் திருப்பி இருந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முப்பத்தோராம் நாள் மூத்தவன் வந்து பிண்டம் வைக்க வேண்டும். தான் சாகுமுன் இரண்டு ஆண்பிள்ளைகளையும் ஒரு வாசலுக்குள் காண வேண்டும்.

"நீ போய்க் கதை, தம்பி. அவன் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு."

அண்ணையின் வீட்டுக்கு நான் போனது ஞாயிறு, மழையும் பனியும் கலந்து பெய்த நாள். அவர் மின்தூக்கி திருத்தும் வேலை செய்கிறார். மேசையில் எனக்கு ஒரு கதிரையைக் காட்டிவிட்டு, தன் கதிரையைத் தூக்கி வந்து எனக்கு இடப்பக்கம் போட்டார். அப்போதுதான் அவருடைய வலது காது என் பக்கம் இருக்கும். இடது காது அவருக்குக் கேட்காது. தேநீர் ஊற்றித் தந்தார். அம்மாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

அவர் வீட்டைவிட்டுப் போன நாளை நான் அறிவேன். அக்காவின் மகளுடைய முதலாவது பிறந்தநாள். அண்ணை தான் மணம் முடிக்கவிருந்த பெண்ணை முதல்முதலாக ரொக்ஸ்பரோவுக்குக் கூட்டி வந்திருந்தார். அப்பா ஒரு தட்டில் கேக்கோடு அண்ணையின் இடப்பக்கம் பின்னால் போய் நின்றார். கேக் வேணுமோ, செவிட்டு ராசா என்று கேட்டார். அண்ணை திரும்பவில்லை. அறை சிரித்தது. அப்பா இன்னும் கிட்டப் போய், ஊரில் மாட்டைக் கூப்பிடும் சத்தத்தில் கூப்பிட்டார். அண்ணை திரும்பவில்லை. மூன்றாம் தரம் காதுக்குப் பக்கத்தில் ஒரு பலூனைக் குத்தினார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் அண்ணை திரும்பினார். ஒரு எட்டில் அப்பாவின் தொண்டையைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியோடு சாத்தினார். பெட்டி சுவரில் இடித்தது. கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அப்பாவின் கால்கள் நிலத்தைத் தேடின. முகம் கத்தரிக்காய் நிறமானது. அப்போதும் அவர் நாக்கை ஒரு பக்கம் தொங்கவிட்டு, கண்ணைச் செருகிக் காட்டினார். அதற்கும் யாரோ சிரித்தார்கள். அண்ணை கையை விட்டார். அப்பா நிலத்தில் இருந்து இருமிக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணின் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

"அடிச்சதுக்கு நான் போகேல்லை," என்றார் அண்ணை, தேநீரைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் காலத்திலை எல்லா வீட்டிலையும் அடிதான். சிரிச்சதுக்குத்தான் போனனான். நீயும் சிரிச்சனீ."

நான் சிரித்தேன். அதுவும் எழுதப்பட்டிருக்கிறது.

அவர் கேட்டது இதைத்தான்: "அந்த நாளைக் கல்வெட்டிலை எழுது. ஹொக்கி விளையாட்டு எண்டு இல்லை, நடந்தமாதிரி எழுது. ஆசுப்பத்திரியிலை ஆர் என்ன சொன்னது எண்டதையும் எழுது. எழுதி, சபையிலை வாசி. அப்ப வாறன்."

அம்மா தாங்கமாட்டார் என்றேன்.

"நான் தாங்கினனான் தானே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பழைய குறிப்பேட்டை மடியில் வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறக்கத் தேவையில்லை. மனப்பாடம். "சனி. அண்ணை ஐஸில் விழுந்தார். ஆறு தையல்."

நடந்தது இது. அந்தச் சனிக்கிழமை காலை அப்பா அண்ணையின் சப்பாத்துகளுக்குள் தண்ணீர் ஊற்றி பல்கனியில் வைத்திருந்தார். அண்ணை எழும்பி வந்தபோது இரண்டும் ஐஸ் கட்டிகள். வீடு சிரித்தது. அண்ணைக்கு அப்போது பதினாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. மத்தியானம் அப்பா சாரமும் பெனியனுமாகப் பல்கனிக்குச் சிகரெட் பிடிக்கப் போனார். அண்ணை உள்ளே இருந்து கதவைப் பூட்டினார். பகிடிக்குப் பகிடி. அப்பா கண்ணாடியில் தட்டினார், கும்பிட்டார், குளிரில் துள்ளி ஆடினார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எதிர்க் கட்டடத்துப் பல்கனிகளில் ஆட்கள் வந்து பார்த்துக் கைதட்டினார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். அண்ணை கதவைத் திறந்தார்.

அப்பா சிரித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். வாசல் மூலையில் ஹொக்கித் தடி சாத்தியிருந்தது. அண்ணையின் பிறந்தநாளுக்கு அவரே தேடித் திரிந்து வாங்கிக் கொடுத்தது. அதை எடுத்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. முதல் அடி தோளில். அண்ணையும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், விளையாட்டு என்று நினைத்து. இரண்டாவது அடி முதுகில், மூன்றாவது மறித்த கையில். நான்காவது தலையின் இடப்பக்கம். அந்தச் சத்தம் மற்றவற்றைப்போல இல்லை. ஈரமாக இருந்தது. அண்ணை சுவரோடு சரிந்தார். அப்பா விழுந்தவருக்கு மேலே நின்று அடித்தார். அம்மா குறுக்கே விழுந்தபோது ஓர் அடி அவருடைய முன்கையில் பட்டு வளையல் நொறுங்கியது. நான் மேசைக்குப் பின்னால் நின்று எண்ணினேன். எண்ணுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஒன்பது. தடி முறிந்தபிறகும் கையிலிருந்த துண்டால் இரண்டு. அண்ணையின் காதுக்குள்ளிருந்து வந்த இரத்தம் கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது.

பிறகு அப்பாவின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்புப் போயிற்று. அப்போதுதான் மகனைக் கண்டவர்போல அப்படியே குந்தினார். மேலங்கி இல்லாமல், வெறும் சாரத்தோடு, அண்ணையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடிப் படி இறங்கி ஓடினார். அடுத்த வீட்டுக்காரர் காரில் கொண்டுபோனார். காருக்குள் அப்பா அண்ணையின் தலையை மடியில் வைத்து, கெட்டிக்காரன், சிங்கக்குட்டி, அழக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அழுதது அவர்தான்.

அவருக்குப் பிரெஞ்சு வராது. எனக்குத்தான் வரும். மருத்துவமனை வாசலில் என் தோளைப் பிடித்தார். அவருடைய விரல்கள் எலும்பில் பட்டன. "ஐஸிலை விழுந்தவன் எண்டு சொல்லு. எங்கடை கேஸ் இன்னும் முடியேல்லை. உண்மையைச் சொன்னால் எல்லாரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்கை போனால் என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியும் தானே."

எனக்குத் தெரியும். அவருடைய கால்விரல்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். அகதி வழக்கு நடக்கும் வீடுகளில் பிள்ளைகள்தான் பெற்றோரின் வாய். மருத்துவர் கேட்டார், அவர் ஐஸில் விழுந்துவிட்டார் என்று சொன்னேன். பிரெஞ்சில் அது ஆறு சொற்கள். அவர் அண்ணையின் முதுகைப் பார்த்துவிட்டு என்னை மறுபடி கேட்டார். மறுபடியும் அதே ஆறு சொற்கள். அண்ணைக்கு என்னைவிட நல்ல பிரெஞ்சு தெரியும். கட்டிலில் கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அதையே தமிழில் குறிப்பேட்டில் எழுதினேன்.

பழைய அரசர்கள் கல்லில் வெட்டிவைத்த மெய்க்கீர்த்திகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன். எத்தனை நாடு வென்றான், எத்தனை யானை பிடித்தான் என்று இருக்கும். தோற்ற போர் ஒன்றுகூட இருக்காது. வாசிக்கும்போதெல்லாம் எழுதிய புலவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

நான்கு நாள் எழுதினேன். சப்பாத்து, பல்கனி, தடி, ஆறு சொற்கள். அதற்கு அடுத்ததாக மீன். அச்சகத்துக்குக் கொடுக்க ஒரு நாள் இருக்கும்போது அம்மாவிடம் போனேன். என்ன கேட்டாலும் ஓம் என்று சொல்லச் சொன்னவர், அண்ணை கேட்டதைக் கேட்டதும் இல்லை என்றார். மனுசன் செத்து ஒரு மாதம் ஆகவில்லை, அவர் பெயரைத் தெருவில் போட்டு மிதிக்கவா என்றார். நான் எழுதியதைக் கேட்டுவிட்டாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்குக் கண் தெளிவில்லை. வாசித்தேன். தடி இரண்டு துண்டாக முறிந்தது என்ற இடம் வந்தபோது கையை நீட்டி நிறுத்தினார்.

வலது முன்கையை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு இல்லை. மூண்டு துண்டு," என்றார். "ஒண்டு கதிரைக்குக் கீழை போய்க் கிடந்தது. நான் தானே பொறுக்கினனான்."

நான் பேனாவை எடுத்து மாற்றினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யன்னலிலை நான் நிண்டு சிரிச்சதையும் எழுது, தம்பி. அவரை மட்டும் தனியக் குற்றம் சொல்லக்கூடாது. அவர் விழுந்து கிடக்க, நான் சிரிச்சுக்கொண்டுதானே நிண்டனான்."

அதையும் எழுதினேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி என்பதை எழுதவில்லை. சரியான எண் கையில் இருந்தும் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

முப்பத்தோராம் நாள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு வாடகை மண்டபம். முதல் கல்வெட்டுப் பிரதியை அண்ணைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். காலையில் ஐயர் பிண்டத்துக்கு மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, மூத்த மகன் எங்கே என்று கேட்டார். வாசலைப் பார்த்தோம். அண்ணை வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், மேற்சட்டையைக் கழற்றினார், வேட்டியோடு வந்து இருந்தார். ஐயர் சொன்ன மந்திரங்கள் இடப்பக்கத்திலிருந்து வந்ததால் ஒவ்வொன்றுக்கும் தலையை முழுதாகத் திருப்பவேண்டி இருந்தது. அவருடைய முதுகில் பழைய தழும்பு ஒன்று, தோளிலிருந்து சாய்வாக. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். பிண்டம் வைத்து முடிந்தது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி என் முறை.

சித்தப்பா கல்வெட்டைப் படித்திருக்கவில்லை. அட்டைப் படம் வடிவாய் வந்திருக்கிறது என்று எல்லாருக்கும் பகிர்ந்துகொண்டிருந்தார். நான் மேடையில் ஏறி வாசிக்கத் தொடங்கினேன். பிறந்த ஊர், தாய் தகப்பன், முகாம், காலாணி. சிரித்தார்கள். உணவகம், கழுவுதொட்டி, எண்பத்தொன்று. சிரித்தார்கள். மூன்றாம் குளிர்காலம் என்று தொடங்கியதும் பின்னால் யாரோ, ஹொக்கி ஹொக்கி என்று முன்கூட்டியே சிரித்தார்கள். நான்காவது அடிக்கு வந்தபோது மண்டபத்தில் ஒரு குழந்தையின் சிணுங்கல் மட்டும் கேட்டது. ஆறு சொற்களை வாசித்தேன். அவற்றைச் சொன்னவன் நான் என்று வாசித்தேன்.

சித்தப்பா மேடைக்கு வந்ததை நான் காணவில்லை. அடிதான் முதலில் வந்தது. அப்பாவின் கை அவருக்கும். அகலமான, கனத்த கை. என் இடப்பக்கக் காதோடு சேர்த்து விழுந்தது. என் மூக்குக்கண்ணாடி பறந்தது. ஒலிவாங்கி சரிந்து பெரிதாக அலறியது. "எடேய், பெத்த தேப்பனைச் சபையிலை வைச்சு அடிக்கிறியோ?" என்றார். இரண்டாவது தரம் கையை ஓங்கினார். அது இறங்கவில்லை.

அண்ணை அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மின்தூக்கிக் கம்பிகளை இழுத்துப் பழகிய பிடி. சித்தப்பாவின் முகம் வலியில் கோணியது, முழங்கால் மடிந்தது. அண்ணையின் மற்றக் கை முட்டியாக மடிந்து தோளுக்கு மேலே போனது. அந்த முகத்தை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன், பன்னிரண்டு வயதில், மேசைக்குப் பின்னால் நின்று. இந்த முறை எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. இருவருக்கும் நடுவே போய் நின்றேன். முட்டி என் முகத்துக்கு நேரே இருந்தது. அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு முட்டியைப் பிரித்தார், மணிக்கட்டை விட்டார். சித்தப்பா அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மா அவருக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார்.

அண்ணை குனிந்து என் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தந்தார். ஏதோ சொன்னார். அவருடைய வாய் அசைவது தெரிந்தது. இடது காதுக்குள் ஒரே இரைச்சல், வேறொன்றும் இல்லை. என்ன என்று கேட்டேன். அவர் என்னைச் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றார்.

"மிச்சத்தையும் வாசி."

மிச்சம் மீன் கதை. அதற்குப் பிறகு யன்னல். அப்பா உறைந்த மீனால் ஒருவனை அடித்து வீழ்த்தியது ஒரு வியாழக்கிழமை என்று தொடங்கினேன். முன்வரிசையிலிருந்து அக்கா, சனிக்கிழமை என்றார்.

"வியாழன்," என்றார் அண்ணை, என் பக்கத்தில் நின்றபடி. "மீன் வரேக்கை நான் வீட்டிலை நிண்டனான்."